ஆறு சங்கிலி உயரத்தில் அப்பா

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிடித்த இடம் கராஜ். காலை ஏழு மணிக்கெல்லாம் கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். வேதாரண்யத்து வீட்டுத் திண்ணையை யூட்டா மாநிலத்துக்கே கொண்டுவந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் நாலு பேர் போவார்கள், வருவார்கள், "என்ன சர்வேயர் சார், மக ஊருக்குப் போகலையா?" என்று கேட்பார்கள். லீஹையில் எங்கள் தெருவில் ஒரு பார்சல் வண்டி வரும். எதிர்வீட்டு நாய் அதைப் பார்த்து ஒரு தரம் குரைக்கும். அப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒன்றும் கிடையாது.

உங்கள் வீட்டுக்கும் அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருப்பார்கள். முதல் மாதம் பேரப்பிள்ளை, காஸ்ட்கோ, கோயில், நண்பர்கள் வீடு என்று ஓடிவிடும். இரண்டாவது மாதம் வீட்டுக்குள் ஒரு மௌனம் வந்து உட்காரும் பாருங்கள், அது எங்கள் வீட்டிலும் வந்தது. மகள் வீடு என்றால் அது இன்னும் கொஞ்சம் கூடுதல். அப்பா எங்கள் ஃப்ரிட்ஜைத் தானாகத் திறக்கமாட்டார். டிவி ரிமோட்டைத் தொடமாட்டார். "மாப்பிள்ளை வீடு, நம்ம பாட்டுக்கு எதையும் எடுக்கக்கூடாது" என்பார். என் கணவர் எத்தனை தடவை சொல்லியும் மாறவில்லை.

போதாததற்கு முழங்கால். இரண்டும் தேய்ந்துவிட்டன. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் மாற்றிவிடலாம் என்றார். அப்பா "பாப்போம்" என்றார். நான்கு வருஷமாக அந்தப் "பாப்போம்"தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினாலே கைத்தடியை ஊன்றி இரண்டு இடத்தில் நிற்கவேண்டும்.

இவர் யார் என்று சொன்னால்தான் இதன் கனம் புரியும். 1979 முதல் 2013 வரை 34 வருஷம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி என்று ஒரு தாலுகா விடாமல் வரப்பு வரப்பாக நடந்தவர். சர்வே கல் எங்கே புதைந்திருக்கிறது என்று கடப்பாரையால் தட்டிப் பார்த்துச் சொல்வார். அண்ணன் தம்பி அரிவாளோடு நிற்கிற வரப்புத் தகராறில் நடுவில் போய் நின்று சங்கிலி பிடித்திருக்கிறார். எங்கள் வீட்டில் வாக்கிங் போவது என்ற பேச்சே இருந்ததில்லை. அவர் வேலையே நடைதான்.

கராஜ் அலமாரியில் என் கணவரின் ட்ரோன் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பிறந்தநாளுக்கு அவரே அவருக்கு வாங்கிக்கொண்டது. மூன்று தடவை பறந்தது. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தில் மாட்டி, ஏணி கடன் வாங்கி, மன்னிப்புக் கேட்டு இறக்கினோம். அதிலிருந்து பெட்டிக்குள் தூங்கியது. மே மாதம் ஒரு சனிக்கிழமை கராஜை ஒழுங்கு பண்ணும்போது என் ஆறு வயது மகள் அதை எடுத்து, "தாத்தா, இது பறக்கும்" என்று மடியில் வைத்தாள்.

அப்பா அதைப் பார்த்த பார்வை அவ்வளவு நட்பாக இல்லை. "இதுதானே இப்ப ஊர அளக்குது" என்றார்.

2020இல் மத்திய அரசு ஸ்வாமித்வா என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் குடியிருப்பு மனைகளை ட்ரோன் வைத்துப் படமெடுத்து அளந்து உரிமை அட்டை கொடுப்பது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை என்று அம்மா ஃபோனில் சொல்லியிருந்தாள். சர்வேயர் ஒருத்தர், சங்கிலி ஆள் இரண்டு பேர், கிராம உதவியாளர் ஒருத்தர், வெயில், முள், வாய்க்கால், ஒரு மாசம். இத்தனையையும் சேர்த்து ஒரு பொம்மை சாயங்காலத்துக்குள் முடித்துவிடும் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? நான் மென்பொருள் எழுதுகிறவள். என் வேலையைப் பற்றியும் இப்போது அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அதனால் அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது.

மகள் விடவில்லை. கணவர் பேட்டரியைச் சார்ஜ் போட்டு, டிரைவ்வேயில் வைத்து, பத்தடி தூக்கி நிறுத்தினார். காற்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஜிபிஎஸ் பிடித்துக்கொண்டு, காற்று தள்ளினாலும் தானே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அப்பா எழுந்து பக்கத்தில் வந்தார். "எத்தனை சேட்டிலைட் புடிக்குது?" என்று கேட்டார். கணவர் திரையைப் பார்த்து "பதினேழு, மாமா" என்றார். ஓய்வுக்கு முன் கடைசி சில வருஷம் அப்பாவும் ஜிபிஎஸ் கருவி பிடித்தவர்தான். அந்தப் பதினேழில் அவர் விழுந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் உடனே தொடவில்லை. முதலில் சட்டம் என்ன என்று கேட்டார். அரசு ஊழியர் அல்லவா. நான் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஆசைப்பட்டால் உதவும், கேளுங்கள். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, விசிட்டராக வந்தவரும் விடலாம். ட்ரோன் 250 கிராமுக்கு மேல் இருந்தால் எஃப்.ஏ.ஏ.விடம் பதிவு செய்யவேண்டும், 5 டாலர், மூன்று வருஷத்துக்குச் செல்லும். எங்களுடையது 249 கிராம், அதனால் பதிவு வேண்டாம். எடை எதுவானாலும் ட்ரஸ்ட் என்ற இலவசத் தேர்வை ஆன்லைனில் எழுதிச் சான்றிதழ் கையில் வைத்திருக்கவேண்டும். விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்பகுதியில் அனுமதி இல்லாமல் விடக்கூடாது. மற்ற இடங்களில் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் போகக்கூடாது. எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கவேண்டும்.

"400 அடி" என்றதும் அப்பா விரலை மடக்கினார். "ஆறு சங்கிலி."

பழைய கன்டர் சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. ஆறு சங்கிலி போட்டால் 396 அடி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உயரத்துக்கு வேறு அளவே கிடையாது. "ரெண்டு சங்கிலில நிறுத்து", "நாலு சங்கிலிக்கு ஏத்து" என்றுதான் பேச்சு. கணவர் கோயம்புத்தூர்க்காரர், ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு நாள் வாய் தவறி "த்ரீ செயின்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தேர்வு சுலபம். தப்பாக எழுதினால் ஏன் தப்பு என்று விளக்கி, மறுபடியும் கேட்பார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுதினார். நான் மொழிபெயர்க்கப் போனால் "நீ போ, டிபார்ட்மென்ட் பரீட்சை எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதினேன்" என்றார். சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அதை லேமினேட் பண்ணித் தரச் சொன்னார். 69 வயதில் வாங்கிய சர்டிஃபிகேட் இன்றைக்கும் அவர் பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

பழகுவது அத்தனை சுலபமாக இல்லை. இடது கைக் குச்சி ஏற்றும், இறக்கும், சுழற்றும். வலது கைக் குச்சி முன்னே பின்னே, பக்கவாட்டில் நகர்த்தும். ட்ரோன் நமக்கு முதுகு காட்டும்வரை சரி. மூக்கை நம் பக்கம் திருப்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். என் கணவர் மேப்பிள் மரத்தில் மாட்டியது அப்படித்தான். அப்பா இதை ஒரே வாரத்தில் தாண்டினார். தியோடலைட்டில் முகம் இடது, முகம் வலது என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து அளவெடுத்த ஆளுக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. "நான் இங்க நிக்கல, அதுக்குள்ள உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கணும்" என்றார்.

உண்மையான தொந்தரவு மூக்குக் கண்ணாடியில் இருந்தது. திரையைப் பார்க்கக் கீழ்க் கண்ணாடி, வானத்தைப் பார்க்க மேல் கண்ணாடி. தலையை ஆட்டி ஆட்டி ட்ரோனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது எங்கோ போயிருக்கும். இளம் வயதுக்காரர்கள் எழுதும் எந்தக் கையேட்டிலும் இது இருக்காது. நல்லவேளையாகச் சட்டத்திலேயே வழி இருந்தது. பறக்கவிடுகிறவர் பக்கத்திலேயே நின்று பேச்சுக் கேட்கிற தூரத்தில் ஒரு பார்வையாளர் இருந்தால், அவர் கண் ட்ரோன்மேல் இருக்கலாம். அம்மாவுக்குப் போன வருஷம்தான் மதுரையில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. தூரப்பார்வை கழுகு மாதிரி.

இப்படித்தான் அம்மாவும் உள்ளே வந்தாள். அவளுக்கு இடது வலது எல்லாம் கிடையாது. "என்னங்க, மலைப் பக்கம் போவுது." "பாதாம் மரத்துப் பக்கம் இழுங்க." அந்தப் பூங்காவில் பாதாம் மரமே கிடையாது. எதை அவள் பாதாம் என்கிறாள் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியும். பருந்து ஒன்று ட்ரோனை நோக்கி வந்தபோது அவள் போட்ட சத்தத்தில்தான் அது தப்பித்தது. நாற்பது வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அப்பா வேலைக்குப் போனார், அம்மா சமைத்தாள். ஒரே இடத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்கு வடக்கே பாயின்ட் ஆஃப் த மவுன்டன் என்ற இடத்தில் பாராகிளைடிங் பிரபலம். காற்று மலையில் மோதி மேலே ஏறும், மனிதர்கள் துணிச் சிறகில் தொங்கிக்கொண்டு மணிக்கணக்காக மிதப்பார்கள். அங்கே ட்ரோனோடு போகக்கூடாது, ஆள் இருக்கிற எதற்கும் ஆள் இல்லாதது வழிவிடவேண்டும். அதனால் வேறு பக்கம், வயல்களை ஒட்டிய ஒரு பூங்காவுக்கு சனிக்கிழமை காலைகளில் போனோம். அங்கேதான் மற்றவர்களைச் சந்தித்தோம். எல்லாரும் தாத்தா பாட்டிகள். காலை ஏழு மணிக்கு யார் வருவார்கள், வேறு?

ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருஷம் தோளில் பை தொங்கப் பையைச் சுமந்து நடந்தவர். ஒரு முழங்காலை மாற்றிவிட்டார், இன்னொன்று காத்திருக்கிறது. அப்பாவின் கைத்தடியைப் பார்த்ததும் கால்சட்டையை மேலே இழுத்துத் தழும்பைக் காட்டினார். அறிமுகம் அவ்வளவுதான். அப்பாவின் அலுவலக ஆங்கிலமும் அவருடைய மேற்கத்திய இழுப்பு ஆங்கிலமும் ஒன்றையொன்று பாதிதான் புரிந்துகொண்டன. ஆனால் பேட்டரி, காற்று, முழங்கால் இந்த மூன்றையும் வைத்து இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவர் தாம் கடிதம் போட்ட தெருக்களை மேலிருந்து படமெடுக்கிறார். எந்த வீட்டில் எந்த நாய் கடித்தது என்றும் சொல்வார்.

இன்னொருவர் பள்ளி ஆசிரியையாக இருந்த பாட்டி. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர். யூட்டாவில் அது பெரிய கலை. வயல்களை நேர் மேலிருந்து படமெடுத்து அந்தக் கட்டங்களை அப்படியே துணியில் கொண்டுவருவாராம். அம்மா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் எங்கள் டிரைவ்வேயில் பதினைந்து புள்ளி வைத்து சிக்குக்கோலம் போட்டு, அப்பாவை மேலிருந்து படம் எடுக்கச் சொன்னாள். கோலத்தை அத்தனை உயரத்திலிருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு ஓரத்தில் கோடு கொஞ்சம் சரிந்திருந்தது. "அளந்து போட்டிருக்கலாம்" என்றார் அப்பா. அன்றைக்கு அவருக்குக் காபி தாமதமாகத்தான் வந்தது. படம் அந்தப் பாட்டிக்குப் போயிற்று. அது போர்வையாக வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

அப்பாவுக்கோ அந்த வயல்கள்தான் தீரவில்லை. ஆறு சங்கிலி உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சதுரம், செவ்வகம். "ஒரு கோணலும் இல்லயே பாப்பா!" என்று ஆச்சரியப்பட்டார். நான் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் பெரும்பகுதி நிலத்தை ஒரு மைல் சதுரமாகக் கட்டம் போட்டுத்தான் அளந்திருக்கிறார்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். அளந்தது எதை வைத்து என்றால், அதே 66 அடி கன்டர் சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். யூட்டாவின் பெரும்பாலான அளவைகளுக்குத் தொடக்கப் புள்ளி சால்ட் லேக் சிட்டியில் டெம்பிள் ஸ்கொயரின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. 1855இல் அரசு நில அளவை அங்கிருந்துதான் தொடங்கியது. கல் நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

சொல்லி வாயை மூடவில்லை, கிளம்பு என்றுவிட்டார். பூந்தோட்டமும் கோபுரமும் பார்க்க வந்த கூட்டத்தில், அப்பா மட்டும் அந்த மூலைக் கல்லுக்கு முன் கைத்தடியை ஊன்றிக் குனிந்து நின்றார். தொட்டுப் பார்த்தார். "இங்க மொதல்ல கோடு போட்டுட்டான், அப்பறம் ஆளக் கொண்டாந்து வெச்சிருக்கான். நம்ம ஊர்ல ஆளு இருந்தான், அவன் வளைஞ்ச பக்கமெல்லாம் கோடு வளைஞ்சுது."

"இங்கயும் முன்னாடியே ஆளுங்க இருந்தாங்கப்பா. யூட், கோஷூட்னு பழங்குடி மக்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எல்லாத்தையும் புறம்போக்குன்னு எழுதிட்டான்னு சொல்லு" என்றார். இந்த நாட்டு வரலாற்றைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூலையில் ஆர்ச்சஸ் போனோம். அங்கே ட்ரோனைக் காரிலேயே வைத்துப் பூட்டவேண்டியிருந்தது. தேசியப் பூங்காக்கள் எதிலும் 2014இலிருந்து ட்ரோனுக்குத் தடை. நல்ல தடைதான், அந்த அமைதியில் அந்தக் கொசுச் சத்தம் வேண்டாம். ஆனால் அப்பா நடந்து போய்ப் பார்க்கக்கூடிய வளைவு ஒன்றிரண்டுதான் இருந்தது. மற்றதை எல்லாம் நாங்கள் எடுத்துவந்த ஃபோட்டோவில் பார்த்தார். திரும்பும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் நான் உப்பு வெளிக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். பான்வில் உப்பு வெளி நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறையின் கையில் இருக்கிறது. அங்கே ட்ரோன் விடலாம்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 110 மைல், நெவாடா எல்லைக்கு அருகே. பெரிய உப்பு ஏரியின் தென்கரையை ஒட்டிச் சாலை போகும்போது, உப்பு ஆலை ஒன்றின் முன்னால் மலை மாதிரி உப்பைக் குவித்திருந்தார்கள். அம்மா கண்ணாடியை இறக்கி, "அகஸ்தியன்பள்ளி மாதிரியே இருக்குங்க" என்றாள். அப்புறம் சாலை திரும்பவே திரும்பாது. ஸ்டியரிங்கைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கலாம் போலிருக்கும். நடுவில் ஓரிடத்தில் யூட்டா மரம் என்ற சிற்பம், 87 அடி உயரத் தூணில் பச்சை, மஞ்சள் உருண்டைகள். 1980களில் கார்ல் மோமன் என்ற சுவீடன் கலைஞர் வைத்தது. "ஒண்ணேகால் சங்கிலிக்குக் கொஞ்சம் மேல" என்றார் அப்பா. அதற்கு மேல் அதை மதிக்கவில்லை.

நான்காவது எக்ஸிட்டில் இறங்கினால் தார்ச்சாலை கொஞ்ச தூரம் போய், அப்படியே உப்புக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெள்ளை, வெள்ளை, தூரத்தில் நீல மலை. முப்பதாயிரம் ஏக்கர். பனியுகத்தில் இங்கே பான்வில் என்ற பிரம்மாண்டமான ஏரி இருந்தது, ஆழமான இடங்களில் ஆயிரம் அடிக்குத் தண்ணீர். அது வற்றி வற்றி, பெரிய உப்பு ஏரியையும் இந்த உப்புப் பாளத்தையும் மிச்சம் வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் மேலே மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும், கோடையில் காய்ந்து கெட்டியாகும். அந்தக் கெட்டித் தரையில்தான் கார்களை வேகச் சாதனைக்கு ஓட்டுகிறார்கள். 1970இல் ப்ளூ ஃப்ளேம் என்ற ராக்கெட் வண்டி மணிக்கு 622 மைல் போனது இங்கேதான். கணவர் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்ல, அப்பா குனிந்து ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம உப்புல கொஞ்சம் கசப்பு இருக்கும்" என்றார்.

வேதாரண்யத்துக்காரர்களிடம் உப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த ஊர்.

பறக்கவிடுவதற்கு முன் செயலியில் இடத்தைப் பார்த்தோம். மேற்கே வெண்டோவர் விமான நிலையம், வடக்கிலும் தெற்கிலும் ராணுவப் பயிற்சி வான்பகுதிகள். நாங்கள் நின்ற இடம் சரிதான் என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் அப்பா பெட்டியைத் திறந்தார். இறங்குதளமாக அம்மாவின் பழைய சிவப்புத் துண்டை விரித்தோம். உப்பில் கல் ஏது, நாலு மூலைக்கும் தண்ணீர் பாட்டில் வைத்தார். வெயிலில் திரை தெரியாது, அதனால் தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். அந்தக் காலத்து ஸ்டுடியோ ஃபோட்டோகிராஃபர் மாதிரி இருந்தார்.

முதலில் நேர் மேலே ஏற்றிக் கேமராவைக் கீழே பார்க்கவைத்தார். உப்புத் தரை காயும்போது வெடித்து, விளிம்பு மேடிட்டு, கட்டம் கட்டமாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான மனைகள். "யாருடா இவ்வளவு உட்பிரிவு பண்ணி வெச்சது?" என்று துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அப்புறம், "போயிட்டு வர்றேன்" என்றார்.

ட்ரோனை அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. "போயிட்டு வர்றேன்." காலையில் சைக்கிளை எடுக்கும்போது அம்மாவிடம் சொல்வாரே, அதே குரலில்.

தரையிலிருந்து மூன்று ஆளுயரத்தில், மனிதன் நடக்கிற வேகத்தில், நேர்க்கோட்டில் கொண்டுபோனார். ஐம்பது மீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி, சுற்றிப் பார்த்து, மறுபடி நகர்த்துவார். ஒரு கார் டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய், அது எங்கே திரும்புகிறது என்று பார்த்தார். 300 மீட்டர் தள்ளி, அம்மா "இன்னும் தெரியுது, புள்ளியா" என்றதும், அங்கிருந்து எங்கள் எல்லாரையும் ஒரு படம் எடுக்கவேண்டும் என்று உயரத்தில் ஏற்றினார். நாலரை சங்கிலி.

அப்போதுதான் காற்று வந்தது. கீழே அம்மாவின் முந்தானை லேசாகத்தான் அசைந்தது. மேலே வேறு கதை. திரையில் சிவப்பு எழுத்து, பலத்த காற்று என்று. அப்பா குச்சியை முழுக்கத் தள்ளியும் தூரம் குறையவில்லை. 300 என்றது 310 ஆனது. பேட்டரி 48லிருந்து 41. கணவர், "மாமா, ரிட்டர்ன் பட்டனை அமுக்குங்க, தானா வந்துரும்" என்றார். நான் கையை நீட்டிவிட்டேன். வாழ்நாளில் எதையும் என் கையில் கொடுத்துப் பழக்கியவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

"கைய எடு பாப்பா."

நான் பத்து வயதில் அவர் தியோடலைட்டைத் தொட்டபோது கேட்ட குரல். எடுத்துவிட்டேன்.

"பட்டன அமுக்குனா அது மேலயேதான் வரும். காத்தும் மேலதான் இருக்கு. கடக்கரையில படகுக்காரன் என்ன பண்ணுவான், பாய எறக்குவான்ல?" சொல்லிக்கொண்டே இடது குச்சியைக் கீழே இழுத்தார். மூன்று சங்கிலி, இரண்டு, ஒன்று. அம்மா, "எறங்குது... எறங்குது... உப்புக்குப் பக்கத்துல வந்துட்டுது, போதும்!" என்றாள். பத்தடி உயரத்தில் நிறுத்தி, வலது குச்சியை மெல்ல முன்னே தள்ளினார். 310. 305. 280. அங்கே காற்று பாதிகூட இல்லை. மகள் எண்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். யாரும் மூச்சுவிடவில்லை. சிவப்புத் துண்டின்மேல் இறங்கும்போது பேட்டரி 14.

துண்டைத் தலையிலிருந்து எடுத்தபோது அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை கொஞ்சம் நடுங்கியது. அம்மா திட்டத் தொடங்கினாள், மாப்பிள்ளை பொருள், தொலைந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று. அப்பா கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டு, போய்வந்த திசையைக் கைத்தடியால் காட்டி, "அந்தத் தடம் போய்த் திரும்புது பாத்தியா, அங்க ஒரு எடத்துல உப்பு ஈரமா இருக்கு. எவனோ வண்டிய உட்டுட்டு மாட்டியிருக்கான்" என்றார். பார்த்துவிட்டு வந்தவர் சொல்கிற மாதிரி. அடுத்த பேட்டரியை என் கணவர் தானே எடுத்து மாட்டி, ரிமோட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். அப்பா ஃப்ரிட்ஜைத் திறந்து மோர் எடுத்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டேன்.

அக்டோபரில் ஊருக்குக் கிளம்பும்போது கணவர் ட்ரோனைப் பெட்டியோடு அவர் சூட்கேஸில் வைத்தார். அப்பா வெளியே எடுத்து வைத்தார். 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்குள் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. பாதுகாப்பு, ஆராய்ச்சி மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. சிலர் துணிக்குள் சுற்றிக் கொண்டுபோகிறார்கள், கஸ்டம்ஸில் பிடித்தால் போனது போனதுதான். "34 வருஷம் கவர்மென்ட் சம்பளம் வாங்கிட்டு ஏர்போர்ட்ல பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். ஊரிலேயே தயாரான 250 கிராம் ட்ரோன் வாங்கலாம், அதற்கு 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ்கூட வேண்டாம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார்.

"பாப்போம்" என்றார் அப்பா.

தபால்கார நண்பர் வழியனுப்ப வந்தார். இரண்டாவது முழங்காலுக்கு ஜனவரியில் தேதி கொடுத்துவிட்டார்கள் என்றார். அப்பா அவரிடம் நிறைய கேட்டார், எத்தனை நாள், எப்போது மாடிப்படி ஏறலாம், வலி எப்படி என்று. எங்களிடம் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்விகள்.

இப்போது இங்கே பனி. ட்ரோன் கராஜ் அலமாரியில், சிவப்புத் துண்டில் சுற்றி இருக்கிறது. மடக்கு நாற்காலியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முதல் கேள்வி பேத்தியைப் பற்றி, இரண்டாவது பேட்டரியைப் பற்றி. முழுக்கச் சார்ஜ் போட்டுப் போட்டுவைத்தால் உப்பிவிடும், அறுபது சதவீதத்தில் வைக்கவேண்டும் என்று அந்தப் பூங்காவில் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்.

"அறுபதுலதானே வெச்சிருக்க?"

"ஆமாப்பா."

"மூணையுமா?"

மூன்றாவதைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன்.